விஜயா சலித்து வைத்த ஐந்தெழுத்துச் சொற்கள்

என் அருமைத் தங்கை விஜயாவுக்கு,

வாய் மூடிக் கிடந்தது போதும். நான் எதையும் எளிதில் மறக்கிறவன் இல்லை, உனக்கே தெரியும். தலைமையாசிரியர் நாற்காலியை எனக்குத் தராமல் செய்தவர்களின் முகங்கள் இன்னும் மனத்தில் இருக்கின்றன. அப்பாவின் காரியத்துக்கு வராத சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகச் சொல்வேன். அந்த வரிசையில் உன்னையும் நிறுத்தி வைத்திருந்தேன், ஒரு விளையாட்டுக்காக.

உன் மகள் கவிதா நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தொடங்கி வைத்த விளையாட்டு அது. தினம் ஒரு ஆங்கிலச் சொல், ஐந்தே எழுத்து, கண்டுபிடிக்க ஆறு வாய்ப்பு. எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, இடம் மாறியிருந்தால் மஞ்சள். ஈப்போவில் இத்தனை வருடம் ஆங்கிலம் கற்பித்த எனக்கு நான்கு வாய்ப்பு, ஐந்து வாய்ப்பு ஆகும். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டுத் தேயிலை ஃபேக்டரிக்குச் சலிக்கப் போன உனக்கு இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று. எப்படிப் பொறுப்பேன்?

"விடையை யாரோ முன்கூட்டியே சொல்கிறார்கள். இதற்குப் பெயர் ஏமாற்று" என்று எல்லாரும் பார்க்கும்படி குழுவில் எழுதினேன்.

"நா யாரையும் ஏமாத்தலண்ணே. ஜெயிச்சது தப்புன்னா இனிமே வெளாடல" என்று எழுதிவிட்டு நீ குழுவிலிருந்து வெளியேறினாய். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்றைப் போட்டேன். அதன்பின் நாம் பேசவில்லை. எட்டு மாதம் கழித்து, மலைமேல் தானா ராத்தா மருத்துவமனையில் உன் இதயம் நின்றுபோனது. நான் மலையேறி வருவதற்குள் உன் முகத்தை மூடியிருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது உன் கணவர் முனியாண்டி ஒரு பெரிய பிஸ்கட் டின்னை என் மடியில் வைத்தார். கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டும் முரட்டுக் கையால் அதன் மூடியைத் துடைத்துவிட்டார்.

"மச்சான், இத நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க. எனக்கு இங்கிலீசு புரியாது லா."

"என்ன இது, மாப்ள?"

"ஒங்க தங்கச்சி சலிச்சு வச்சது."

உள்ளே முழுக்க, ஃபேக்டரியில் மாதிரித் தேயிலை போடும் சின்னக் காகிதப் பைகள். ஒவ்வொன்றிலும் துண்டுச் சீட்டுகள், சீட்டுக்கு ஒரு ஆங்கிலச் சொல், எல்லாம் ஐந்தெழுத்து. ஒரு பையின் மேல் 'ஈ-ஆர்' என்று எழுதியிருந்தாய். அதில் வாட்டர், பேப்பர், ரிவர், டைகர், பவர் என அந்த இரண்டெழுத்தில் முடிகிறவை. இரட்டை எழுத்து வருகிறவற்றுக்குத் தனிப் பை. இருப்பதிலேயே தடித்த பையின் மேல் 'குச்சி' என்று தமிழில் இருந்தது.

"குச்சின்னா?"

முனியாண்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தேயிலக் குடும்பத்துல பொறந்துட்டு இதக் கேக்குறீங்களே! தூள்ல குச்சி கெடந்தா தொரை விடுவாரா? பொறுக்கி எறியணும். நாலெழுத்துல ஒரு எஸ்ஸ ஒட்டி அஞ்சாக்குனதெல்லாம் குச்சியாம், அந்த கேம்ல வெடையா வராதாம். மொதல்ல அதப் பொறுக்கித் தள்ளுனா."

"அம்மா கள்ளாட்டம் ஆடலன்னு அன்னிக்கே குரூப்புல எழுதுனேன் மாமா. நீங்க படிச்சீங்களான்னே தெரியல" என்றாள் கவிதா. நான் படித்திருந்தேன்.

அப்போதும் நான் நம்பவில்லை, விஜயா. வீட்டுக்குக் கொண்டுவந்து, தப்புக் கண்டுபிடிக்கவே உட்கார்ந்தேன். 'ஈ-ஆர்' பையில் 'ஐடர்' என்றொரு சொல். ரைடரைத் தப்பாக எழுதியிருக்கிறாய் என்று சிவப்புப் பேனாவை எடுத்தேன். என் அகராதியைத் திறந்தால், குளிர்க்கடலில் வாழும் ஒரு வாத்தாம். ஆங்கில ஆசிரியன் நான் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. பேனாவை மூடினேன்.

அன்றைய விளையாட்டை உன் பைகளை வைத்து ஆடினேன். அதிகமான சொற்களில் வரும் எழுத்துகளை நீயே எண்ணிப் பார்த்து, அவற்றைக் கொண்டு முதல் சொல்லை அமைத்திருந்தாய். அதைப் போட்டேன். இரண்டு பச்சை, ஒரு மஞ்சள். பச்சைக்குப் பொருந்தும் பையை எடுத்து, விடையில் இல்லாத எழுத்துகள் உள்ள சீட்டுகளைத் தள்ளத் தள்ள, மேசைமேல் இரண்டே சீட்டுகள் மிஞ்சின. மூன்றாவது வாய்ப்பில் ஐந்து கட்டமும் பச்சையானபோதுதான் நீ செய்திருந்த வேலை எனக்குப் புரிந்தது. பெரிய இலை மேல் சல்லடையில் நிற்கும், சின்னது அடுத்ததில், தூள் அடியில். அந்த வேலையை அப்படியே ஒரு அந்நிய மொழியின்மேல் செய்திருக்கிறாய்! டின்னின் அடியில் கிடந்த கவிதாவின் பள்ளி அகராதியில் ஒரு பக்கம் விடவில்லை. மடிப்பெல்லாம் தேயிலைத் தூள். இப்படி ஒரு மூளை என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டது எனக்கு எப்படித் தெரியாமல் போனது? பள்ளியை விட்ட அன்று நீ அழுதாயா? ஏன் நான் கேட்கவில்லை?

குழுவில் நேற்று என் பெயரோடு எழுதிவிட்டேன்: "விஜயா ஏமாற்றவில்லை. நான் பொறாமைப்பட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை சுற்றுலா வரும் கார்களால் உங்கள் மலையின் கியா பார்ம் சாலை இன்னும் அடைத்துக்கொண்டுதான் கிடக்கிறது. உன் இடத்தில் இப்போது வேறொரு பெண் நின்று சலிக்கிறாள். நீ ஆறெழுத்துச் சொற்களையும் தொடங்கி, 'எம்' வரை வந்து நிறுத்தியிருக்கிறாய். அடுத்த எழுத்தான 'என்'னிலிருந்து நான் தொடர்கிறேன். முதலில் குச்சியைப் பொறுக்கிவிடுவேன், கவலைப்படாதே. உன்னளவுக்கு வேகம் வராது.

இதைப் பத்திரிகையின் ஞாயிறு பக்கத்துக்கு அனுப்புகிறேன். அவர்கள் பெயரும் பதவியும் கேட்பார்கள். உயிரோடு இருந்தவரை உன்னை எல்லாரும் 'சார் தங்கச்சி' என்றுதான் சொன்னார்கள். இந்தக் கடிதத்திலாவது உன் பெயர் தனியாக நிற்கட்டும். என் பெயரும் பதவியும் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.

இப்படிக்கு,
விஜயாவின் அண்ணன்