லேமினேஷன் போட்ட ஊசி அட்டை

என் அன்பு அப்பாவுக்கு,

எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். நீங்கள் எங்களை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆன பிறகு கடிதம் எழுதுவது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. எழுதினாலும் யார் உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள் என்ற யோசனையிலேயே இத்தனை நாள் போய்விட்டது.

நான் படித்த காலத்தில் கல்லூரி விடுதியில் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். வார்டன் அறையில் நின்று பேச எனக்கு வாய் வராது. அதனால் கடிதம் போடுவேன். நீங்கள் அதை வேலை செய்யும் தறிக்குடோனுக்கு எடுத்துப்போய், படிக்கத் தெரிந்த யாரையாவது பிடித்து, தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் படிக்கச் சொல்வீர்கள். எனக்கு வயிற்றுவலி வந்த சேதி சூலூரில் நம் வீதி முழுக்கத் தெரியும். நான் எழுதினால் நாலு பேர் காதில் விழத்தான் செய்யும் என்று பழகிவிட்டது. இதையும் நாலு பேர் படிக்கட்டும்.

உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். இனியா. பத்து மாதம் முடிந்துவிட்டது. கீழே இரண்டு பல். சிரிக்கும்போது உங்களைப் போலவே ஒரு பக்கமாக உதட்டை இழுக்கிறாள். அம்மா அதைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள். பிறகு தானும் சிரிக்கிறாள்.

முதல் ஊசிகளெல்லாம் சூலூரில், அம்மா வீட்டில் இருந்தபோதே போட்டாயிற்று. அம்மாவே தூக்கிக்கொண்டு போனாள்; நான் பின்னால் நடந்தேன், அவ்வளவுதான். ஒன்பதாம் மாத ஊசிக்கு நாள் வந்தபோது சத்தியமங்கலத்துக்கு, உங்கள் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டிருந்தேன். அதைத்தான் இங்கே அம்மை ஊசி என்கிறார்கள்.

இந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னாலே எல்லாருக்கும் பயம். மாப்பிள்ளையின் அண்ணன் மகனுக்கு அந்த ஊசி போட்டு ஒரு வாரத்தில் காய்ச்சல் ஏறி, கைகால் இழுத்து வெட்டு வந்துவிட்டதாம். மாப்பிள்ளையின் அம்மா, என் அத்தைதான் அவனை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். பையனுக்கு இப்போது ஏழு வயது. ஒன்றும் இல்லை, மதில் மேல் ஏறிக் குதிக்கிறான். ஆனால் அத்தையின் கையில் அவன் விறைத்துக் கிடந்தது அத்தையை விட்டுப் போகவில்லை.

அத்தை ஊசி வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தாலாவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “படிச்ச புள்ள நீ சொன்னாச் செரியாத்தான் இருக்கும் அம்மணி. போடுன்னா போடலாம், வேண்டாம்னா உட்றலாம்” என்றார். மாப்பிள்ளையைப் பார்த்தேன். “எனக்கென்ன தெரியும்? ஊட்டுல பட்டதாரி நீதான” என்று செல்போனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அப்பா, நான் படித்தது பி.காம். அதில் எங்கே இதெல்லாம் இருக்கிறது? நம் வீட்டில் முதல் பட்டம் என்று நீங்கள் குடோனில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தீர்கள். அந்தப் பட்டத்தை ஒரு கைக்குழந்தையின் காய்ச்சலுக்குப் பொறுப்பாக வைப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? போடச் சொல்லி ஏதாவது ஆகிவிட்டால் படித்தவள் சொன்னாள் என்பார்கள். போடாமல் விட்டு அம்மை வந்தாலும் அதேதான்.

அதனால் தள்ளிப்போட்டேன். இங்கே சுகாதார நிலையத்தில் புதன்கிழமைதான் ஊசி. முதல் புதன் அவளுக்கு லேசாகச் சளி என்றேன். அடுத்த புதன் விருந்தாட்கள் வந்திருந்தார்கள். மூன்றாவது புதன் மழை. அந்த மழை நனைக்கும் மழைகூட இல்லை. நர்ஸம்மா இரண்டு முறை போன் செய்தார். “வர்றமுங்க, வர்றமுங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான்காவது வாரம் அம்மாவுக்குப் போன் போட்டேன். “எனக்கெல்லாம் ஊசி ஒழுங்காப் போட்டீங்களா?” என்று மட்டும்தான் கேட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா கட்டைப்பையோடு வாசலில் வந்து நின்றாள். பை நிறைய முறுக்கு. அதற்கு அடியில் என் ஊசி அட்டை.

அந்த அட்டையை நான் மறக்கவில்லை. நம் வீட்டுச் சிரிப்புக் கதை அல்லவா அது! அரசாங்கத்துக் காகிதத்தில் மகள் பெயர் இருக்கிறது என்ற பெருமையில், பாதி ஊசிகூட முடியாத அட்டைக்கு நீங்கள் லேமினேஷன் போட்டுவிட்டீர்கள். அப்புறம் அதன்மேல் பேனா எழுதவில்லை. மீதி ஊசிகளைச் சூலூர் நர்ஸம்மா கோடு போட்ட நோட்டுத் தாளில் எழுதித் தந்தார். நீங்கள் அட்டை ஓரத்தில் ஓட்டை போட்டு, தறி நூலால் அந்தத் தாளைக் கட்டி வைத்தீர்கள். உறவுக்காரர்கள் வந்தால் நீங்களே இந்தக் கதையைச் சொல்லி முதலில் சிரிப்பீர்கள்.

அதையே அத்தையிடம் சொல்லி நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. “பெருமைக்குன்னு உங்கப்பாரு சொல்லிக்கிட்டாரு கண்ணு. பயத்துல போட்டது அது” என்றாள்.

இரண்டாவது ஊசிக்கு எனக்குத் தொடை வீங்கிக் காய்ச்சல் வந்ததாம். விடிய விடிய நீங்கள் என்னைத் தோளில் போட்டு நடந்தீர்களாம். விடிந்ததும் அட்டையை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போய் லேமினேஷன் போட்டு வந்து, “இனி இதுல ஒருத்தரும் ஒண்ணும் எழுத முடியாது பாரு. முடிஞ்சுது” என்று அம்மாவிடம் சொன்னீர்களாம். இருபத்தேழு வருடம் அம்மா இதை வெளியே விடவில்லை.

அத்தை முறுக்கைக் கையில் வைத்தபடியே, “அப்பறம் எப்படிங்க சம்பந்தி மிச்ச ஊசி போட்டீங்க?” என்று கேட்டார்.

“அதை ஏனுங்க கேக்கறீங்க! நர்ஸம்மா எங்களைத் தேடி வீதிக்குள்ள வர்றாங்கன்னு தெரிஞ்சதும், இவர் புள்ளையத் தூக்கிட்டுக் குடோனுக்குள்ள ஓடிட்டாருங்க. அங்க நூல் மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டாரு. இவ தூங்கிட்டுத்தான் இருந்தா. ஆளில்லைன்னு காட்டோணும்னு நாலு தறியையும் நிறுத்திப்போட்டாருங்க.”

“அப்பறம்?”

“பொறந்ததுலருந்து தறிச் சத்தத்துலயே தூங்குன புள்ளைங்க. சத்தம் நின்னதும் முழிச்சுப் பயந்துட்டு ‘வீல்’னு ஒரு கத்து! வீதியே திரும்பிப் பாத்துச்சுங்க.”

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அப்பா. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருடத்தில் அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

நர்ஸம்மா உங்களைத் திட்டவில்லையாம். நூல் மூட்டை மேலேயே உட்கார்ந்து, “எதுக்குங்க பயப்படறீங்க? சொல்லுங்க” என்று கேட்டாராம். நீங்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியில் “அட்டையக் கெடுத்துப்போட்டேனுங்க” என்று தலையைக் குனிந்துகொண்டீர்களாம். அடுத்த புதன் நீங்களே என்னைத் தூக்கிப் போனீர்கள்.

“அப்ப பயம் போயிருச்சுங்களா அவருக்கு?” என்று அத்தை கேட்டார்.

“எங்கீங்க போச்சு! புள்ளைக்கு ஊசி குத்தறப்ப இவர் கண்ணை இறுக்கி மூடிட்டு நின்னாருங்க. அம்மை ஊசி வரைக்கும் அப்படித்தான்.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பயம் போன பிறகு போடலாம் என்று நான் நான்கு வாரமாகக் காத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கோ அது கடைசிவரை போகவே இல்லை.

“அத்தை,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். “எனக்கும் பயமா இருக்குதுங்க. நான் படிச்சதுல இது இல்லீங்க. சளின்னும் மழைன்னும் சொன்னதெல்லாம் சும்மாங்க. அண்ணன் பையனுக்கு நடந்ததை நாளைக்கு நர்ஸம்மாகிட்ட முழுசாச் சொல்லிக் கேட்டுக்கலாம். அவங்க போடலாம்னா போட்றலாமுங்க.”

அத்தை சற்று நேரம் அட்டையில் இருந்த நூலைத் தடவிப் பார்த்தார். “மழைன்னு சொன்னப்பவே தெரியும் அம்மணி. கொடியில காஞ்ச துணி எடுத்தது நான்தான” என்றார். பிறகு, “நானும் வாரேன். அன்னைக்கு நடந்ததை என்னாட்டம் ஆரு சொல்லுவா?” என்றார்.

மறுநாள் எல்லாருமே போனோம். அத்தை ஒன்று விடாமல் சொன்னார். நர்ஸம்மா ஒன்று விடாமல் கேட்டார். எத்தனை நிமிஷம், முன்னால் எப்போதாவது வந்ததா, இனியாவுக்கு வந்திருக்கிறதா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, டாக்டருக்கும் போன் போட்டுப் பேசினார். “போடலாமுங்க. ஒரு வாரம், பத்து நாள் கழிச்சு லேசாக் காய்ச்சல் வரலாம். வந்தா என்ன பண்ணோணும்னு எழுதித் தர்றேன், பயந்துக்காதீங்க” என்றார். மாப்பிள்ளை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். ஊசி எடுத்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அம்மா என்னை இடித்துக் காட்டினாள். நான் உங்களைத்தான் பார்த்தேன், அப்பா.

எட்டாம் நாள் உடம்பு சுட்டது. எழுதித் தந்தபடி மருந்து கொடுத்தோம், துணி நனைத்துத் துடைத்தோம். அத்தை மடியை விட்டு அவளை இறக்கவே இல்லை. மறுநாள் மத்தியானம் சூடு இறங்கியது. இறங்கிய கையோடு அத்தையின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள். “படிச்ச புள்ளைக்குப் பொறந்தது திருட்டுப் புள்ளை” என்று அத்தை கொஞ்சினார். வீடு பழையபடி சத்தமாக இருக்கிறது. நன்றாக இருக்கிறோம்.

ஒன்றரை வயதில் அடுத்த ஊசி வரும். அந்தப் புதனைத் தள்ளிப்போட மாட்டேன். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தூக்கிப் போவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

அம்மா அந்த அட்டையை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். இனியாவின் அட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அவள் வளர்ந்து ஒருநாள் எடுத்துப் பார்த்து, இதற்கு ஏன் லேமினேஷன் என்று கேட்பாள். பெருமைக்கு என்ற உங்கள் கதையைச் சொன்னால் அவளும் சிரிப்பாள். ஆனால், அப்பா, இத்தனை நேரம் கேட்கக் கூச்சப்பட்டது இதுதான்: அவளிடம் மட்டும் நிஜத்தைச் சொல்லட்டுமா? உன் தாத்தா பயந்து ஒளிந்தார், கண்ணை மூடிக்கொண்டு திரும்பி வந்தார் என்று?

சரி என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் அம்மணி,
இனியாவின் அம்மா