டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

சேசு மரி சூசை துணை

குவீன்ஸ்டவுன், சிங்கப்பூர்
30.11.1958, ஞாயிற்றுக்கிழமை

என் அன்புள்ள அருள்ஜோதிக்கு,

உன் ஆம்ப்ரோஸ் எழுதிக்கொள்வது. இதை உட்கார்ந்து படிக்க வேண்டாம். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தபடியே படி. கடிதம் நீளம், கை வலித்தால் பாதியில் வைத்துவிட்டு நாளைக்கு மீதியைப் பார். உன் அக்கா ரூபிக்கும் சகலைக்கும் என் தோத்திரத்தைச் சொல். மலையில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருப்பவருக்கு ஊர் நோயெல்லாம் பார்த்தது போதாதென்று வீட்டிலும் ஒரு நோயாளியை வைத்துவிட்டோமே என்று எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நான் பட்டினி கிடக்கவில்லை. சோறு குழைகிறது, சாம்பார் தண்ணீராக நிற்கிறது, இரண்டையும் சேர்த்தால் சரியாகிவிடுகிறது. முதல் மாடி அஸ்மத் அக்கா வாரத்தில் இரண்டு நாள் சம்பால் கொடுத்தனுப்புகிறார். நேற்று தேக்கா சந்தையில் ஒரு ராத்தல் மீனென்று நினைத்து ஒரு முழு மீனை வாங்கி வந்து, அதை எங்கே வெட்டத் தொடங்குவது என்று தெரியாமல் அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சிரித்த சிரிப்பு நம் மூன்றாம் மாடி வரை கேட்டது.

இன்று காலை லூர்து மாதா கோயிலில் பூசை முடிந்ததும் வாசலில் நாலைந்து பேர் உன்னைப் பற்றி விசாரித்தார்கள். எல்லோருக்கும் நல்லா இருக்கா, நல்லா இருக்கா என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், எதற்காக அப்படிச் சொன்னேன் என்று யோசித்தேன். கேட்டால் சொல்லிவிடுகிறோம், அவ்வளவுதான். வாய் பழகிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கல்வி இலாகாவிலிருந்து, நாம் எதிர்பார்த்தபடியே, உன் பெயருக்குக் கடிதம் வந்திருக்கிறது. நீ சொல்லியிருந்தபடி பிரித்துப் படித்தேன். ஜனவரி ஐந்தாம் தேதி திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நீ மெடிக்கல் போர்டு முன்னால் வர வேண்டும். உடம்பு இன்னும் சரியில்லை என்று அவர்கள் எழுதினால் இன்னொரு வருஷம் விடுப்பு, உன் இடம் உனக்கே இருக்கும். சரியாகிவிட்டது என்று எழுதினால் பள்ளி திறக்கிற அன்றே நீ வகுப்பில் நிற்க வேண்டும். வராமலே இருந்துவிட்டால் வேலையை விட்டுவிட்டதாக எடுத்துக்கொள்வார்களாம்.

போன வாரம் வந்த உன் கடிதத்தில், இன்னும் கொஞ்சம் தேறியதும் வருகிறேன், அதற்குள் வேலை போனால் போகட்டும் என்று எழுதியிருந்தாய். அதை நான் நாலு தரம் படித்தேன். ஜோதி, யாரிடம் சொல்கிறாய்? பன்னிரண்டு வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள் நீ. பள்ளி விடுமுறை வந்தால் முகம் வாடுகிறவள். நமக்கென்று பிள்ளை இல்லை என்று யாராவது உச்சுக்கொட்டினால், எனக்கு நாற்பத்திரண்டு பேர், உங்களுக்கு எத்தனை என்று திருப்பிக் கேட்டவள். அந்த வாயிலிருந்து 'போகட்டும்' வருகிறதென்றால் வேறு என்னமோ இருக்கிறது. என்னவென்றுதான் எனக்குப் பிடிபடவில்லை.

கண்ணாடி போட்டும் எழுத்து மங்குகிறது. நாளை மறுநாள் ஒரு காரியம் வைத்திருக்கிறேன். அதை முடித்துவிட்டு மீதியை எழுதுகிறேன்.

2.12.1958, செவ்வாய்க்கிழமை

இன்று நான் வேலைக்குப் போகவில்லை. நம்ப மாட்டாய் என்று தெரியும். துறைமுகத்து ஸ்டோரில் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள் எம்.சி. லீவு எடுத்தவனில்லை என்று எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன், உன்னிடமே எத்தனை தரம். நேற்று லீவு கேட்டபோது எங்கள் பெரிய கிளார்க் அழகப்பன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னா ஆம்ப்ரோஸ், உடம்புக்கு என்னா?" என்று கேட்டார். எனக்கில்ல, என் வீட்டுக்காரிக்கு என்றேன். ஊரில் இல்லாத பெண்டாட்டிக்கு இங்கே லீவா என்று அவர் விழித்தார். ஆனாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஜாலான் புசாரில் ஒரு சாமான் கடைக்கு மேல்மாடியில் புதிதாக ஒரு டாக்டர் வந்திருக்கிறார், தனசேகரன் என்று பெயர். பொறுமையாகக் கேட்கிறார் என்று ஸ்டோரில் சொன்னார்கள். போன வருஷம் மே மாதம் ஊரையே படுக்க வைத்த ஃப்ளூ காய்ச்சல் உனக்கு வந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல் போனது, களைப்பு போகவில்லை என்றேன். ஒரு நாள் வேலை செய்தால் மூன்று நாள் படுக்கிறாள், எவ்வளவு தூங்கினாலும் தூங்கியவள் முகமாக இல்லை, வகுப்புக்குப் போக முடியவில்லையே என்று அழுகிறாள் என்றேன். எக்ஸ்ரேயிலும் ரத்தத்திலும் ஒன்றும் இல்லை என்பதையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு இப்படி வேறு சிலரையும் பார்த்திருக்கிறாராம். இதற்கு மருந்து தன்னிடம் இல்லை என்று ஒளிக்காமல் சொன்னார். முழுக்கக் களைத்துப்போவதற்கு முன்னாலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும், வற்புறுத்தி எழுப்பினால் இன்னும் கீழே போகும் என்றார். சோம்பல் இல்லையே டாக்டர் என்று கேட்டேன். கேட்டது நான்தான், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். "சோம்பேறிங்க வேலைய விட்டுட்டு அழ மாட்டாங்க, மிஸ்டர் ஆம்ப்ரோஸ்" என்றார்.

பிறகு, போன போர்டில் என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். அன்று காலை உன் ஊதா வாயில் புடவையைக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தது நான். பவுடர் போட்டுக்கோ, முகம் வெளிறிக் கிடக்கு என்று சொன்னது நான். பெரிய டாக்டர்கள் முன்னால் கூனிக்கொண்டு நிற்காதே, டீச்சர் மாதிரி நில் என்று பஸ்ஸிலேயே பாடம் நடத்தியதும் நான். நீ அப்படியே நின்றாய். போர்டு டாக்டர்கள் மூவரும் உள்ளே வந்தபோது நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்து, எப்படியிருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "வெரி வெல், தேங்க் யூ, டாக்டர்" என்றாய். எவ்வளவு அழகான இங்கிலீஷ் என்று கதவோரம் நின்று நான் பெருமைப்பட்டேன். ஐந்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், உடம்பு சரியாகிவிட்டது என்று.

டாக்டர் தனசேகரன் தலையில் கைவைத்துக்கொண்டார். "நம்ம ஆளுங்க டாக்டரப் பாக்க வர்றதே கல்யாணத்துக்கு வர்ற மாதிரிதான் லா. குளிச்சு, பவுடர் போட்டு, சிரிச்சுக்கிட்டு வந்து நின்னா நான் என்னத்தக் கண்டுபிடிக்கிறது?" என்றார். அந்த ஐந்து நிமிஷம் நிற்பதற்கு நீ என்ன கொடுத்தாய் என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெளியே வந்து சந்தோஷத்தில் உனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். நீ கரண்டியைத் தூக்காமல் அது உருகுவதையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று உன் கிண்ணத்தையும் நானே குடித்தேன். பன்னிரண்டாம் நாள் நீ கரும்பலகைக்குக் கீழே சரிந்து விழுந்ததற்கு அந்த டாக்டர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

இந்தத் தரம் போர்டுக்கு ஒரு காகிதம் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார். "உங்க வீட்டுக்காரம்மா சொல்றது வேணாம். வீட்டுல நீங்க கண்ணால பாத்தத, எந்த மாசம் என்னான்னு எழுதுங்க. கூடவே நானும் ஒரு லெட்டர் தர்றேன்" என்றார். மத்தியானம் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். ஒரு வருஷத்துக்கு முந்தியதெல்லாம் எங்கே நினைவிருக்கப் போகிறது என்று நினைத்தேன். எழுதத் தொடங்கினால் நிற்கவில்லை. வாளியைப் பாதிதான் நிரப்புவாய். முழங்காலில் நின்று ஜெபமாலை சொல்கிறவள் மூன்றாம் பத்திலேயே உட்கார்ந்துவிடுவாய். ஈரத்துணியை மூங்கில் கழியில் கோத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டுவதை விட்டுவிட்டு நாற்காலி முதுகுகளில் போட்டு வைத்தாய். வீடா, வண்ணான் கடையா என்று கத்தினேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், ஜோதி. பார்த்ததற்கெல்லாம் நானாக ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன வருஷம் அக்டோபர் மாதத்துக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது. இடுப்பு வரை இருந்த தலைமுடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்து நின்றாயே, அந்த மாதம். கேட்டதற்கு வெயில் தாங்கல என்றாய். வெள்ளைக்காரி ஆகிவிட்டாயா என்று மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. இப்போது துணி காயப்போடுவது நான்தானே. நனைந்த துணியோடு அந்தக் கழியைத் தலைக்கு மேல் தூக்கும்போது என் தோளே கழன்றுவிடும் போலிருக்கிறது. நாள் முழுக்கக் கரும்பலகையில் எழுதிவிட்டு வந்த கையை மறுபடி தூக்கிப் பின்னல் போட உன்னால் முடியவில்லை. அதற்காக வெட்டியிருக்கிறாய். சீப்பை என்னிடம் நீட்டியிருந்தால் நான் பின்னிவிட்டிருப்பேனா? மாட்டேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. இதை எழுதும்போது அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது.

நான் சொன்னவற்றையும் அந்தக் காகிதத்தில் சேர்த்திருக்கிறேன். ஊரில் எல்லாருக்கும்தான் காய்ச்சல் வந்தது, எல்லாரும் எழுந்து வேலைக்குப் போகவில்லையா என்று அடுப்படியில் வைத்துக் கேட்டேனே, அதையும். கணவனே நம்பவில்லை என்று எழுதினால் அவர்களாவது நம்புவார்களோ என்னவோ. நீ பார்க்காமல் யாரிடமும் கொடுக்க மாட்டேன். வேண்டாததை அடித்துவிடு, என் கண்ணில் படாததைச் சொல், எழுதிக்கொள்கிறேன்.

இன்னொரு செய்தி. நம் மாடிப்படித் திருப்பங்களில் இரண்டு வாரமாக உட்கார இடம் இருக்கிறது. முதல் மாடியில் அஸ்மத் அக்கா ஒரு பிரம்பு முக்காலி போட்டிருக்கிறார், இரண்டாம் மாடியில் அப்துல் கஃபார் தன் பழைய நாற்காலியைக் கொடுத்தார். எதற்கு என்று அவர்கள் கேட்டபோது, என் வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்லை, ஒரே மூச்சில் ஏற முடியாது என்று சொன்னேன். வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நீ வருவதற்குள் ஊரே அதில் உட்கார்ந்து பழகிவிட்டது. தபால்காரர் இளைப்பாறுகிறார், கச்சான் கடலை விற்கிறவர் கூடையை இறக்கி வைக்கிறார்.

மாலையில் இவ்வளவும் எழுதி முடித்து உறையில் போடும் நேரத்தில் ரூபி அக்காவின் கடிதம் வந்தது. உனக்குத் தெரியாமல் எழுதியிருக்கிறார், அவரைக் கோபித்துக்கொள்ளாதே. போர்டுக்குப் போயேன் என்று அவர் சொன்னதற்கு, "நல்லாகிட்டு வான்னு சொல்லித்தானே அவரு அனுப்புனாரு. இப்படியே எந்த மொகத்தோட போறது?" என்று சொன்னாயாம்.

தஞ்சோங் பகார் ரயிலடியில், வண்டி நகரும்போது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அப்படிச் சொன்னது உண்மைதான். யாரை ரயிலேற்றினாலும் சொல்வதுதானே என்று சொன்னேன். சொல்லிவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்தேன், மறந்துவிட்டேன். நீ அதை வைத்துக்கொண்டு ஏழு மாதமாக அந்த மலையில் உட்கார்ந்திருக்கிறாய். வேலையைக்கூட விடத் துணிந்தாய். நான் சொன்ன எதையும் இவ்வளவு மதிக்காதே, ஜோதி. மதிக்கிற மாதிரி நான் எப்போது பேசியிருக்கிறேன்?

குணமாகாமலே வா. போர்டு என்ன எழுதினாலும், வேலை இருந்தாலும் போனாலும், ஒரு நாள் எழுந்து பத்து நாள் படுத்தாலும் இது உன் வீடு. நீ படுத்திருக்கிற வீடு எனக்குப் போதும். நீ இல்லாத வீட்டில் ஏழு மாதம் நடமாடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஐந்தாம் தேதி டாக்டர்கள் உள்ளே வரும்போது நீ எழுந்திருக்காதே, மரியாதை குறைந்தால் நான் நின்றுகொள்கிறேன்.

எனக்குப் பத்து நாள் லீவு சேர்ந்து கிடக்கிறது. இருபதாம் தேதி சனிக்கிழமை காலை வண்டியில் புறப்படுகிறேன். தாப்பா ரோடு ஸ்டேஷனில் இறங்கி மலை ஏறி ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் வந்துவிடுவேன். திரும்பும்போது ஒரே மூச்சில் வரப்போவதில்லை. கோலாலம்பூரில் இரண்டு நாள் தங்குவோம், கிறிஸ்துமஸ் பூசையை அங்கேயே பார்த்தாலும் மாதா கோபிக்க மாட்டாள். தலையணை நான் கொண்டு வருகிறேன்.

சர்வேசுரன் உன்னைக் காப்பாராக. நான் வர வேண்டாம் என்றால் மட்டும் ஒரு வரி எழுது. வரலாம் என்றால் எழுத வேண்டியதில்லை, கைக்கு ஓய்வு கொடு. பதில் வராத ஒவ்வொரு நாளும் நீ என்னை வரச் சொல்கிறாய் என்று எடுத்துக்கொள்வேன்.

என்றும் உன்,
ஆம்ப்ரோஸ்