இரண்டாம் முறை ஏற்றிய மெழுகுவத்தி

நவம்பர் 7, இரவு.

வாய் மூடி இருந்தது போதும். கோயில் பாடகர் குழுவிலிருந்து பங்குச் சாமியார் என்னை நிறுத்தியபோதும் நான் பேசவில்லை.

இன்று அம்மாவின் நினைவு நாள். எங்கள் ஆற்றங்கரை மாதா கோயிலுக்குப் போனேன். வாசலில் செல்ஃபி மேடை. மாதா சொரூபம் இருக்கும் கெபியை ஒட்டி காபிக் கடை. பீடத்தின் முன் மெழுகுவத்தி ஏற்றி முழந்தாளிட்டேன். அதற்குள் படமெடுக்க ஒரு கல்யாணப் பெண்ணை என் பின்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

"அண்ணாச்சி, அத அணைச்சிட்டு இன்னொருக்கா பத்த வையுங்க. பைய. மூஞ்சிய மட்டும் காட்டாதீய" என்றான் கேமராக்காரன்.

"இது எங்கம்மாவுக்கு ஏத்துனது."

பக்கத்தில் பங்குச் சாமியார் சிரித்துக்கொண்டு நின்றார். "வையும் வே. அம்மா ஒண்ணும் கோவிக்க மாட்டாவ."

வரும் ஞாயிறு முதல் மூன்று வாரம் என் மகளின் கல்யாண ஓலையை, யாருக்காவது தடை உண்டா என்று கேட்டு, கோயிலில் வாசிக்க வேண்டியவர் அவர். ஏதாவது குறை சொல்லி நிறுத்திவைக்க அவரால் முடியும். நான் மெழுகுவத்தியை ஊதி அணைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி ஏற்றினேன். படம் நன்றாக வந்ததாம்.

இதை வேறு தாளில் எழுதி நாளை ஆயருக்குத் தபாலில் போடுவேன். மகளைப் பற்றிய வரிகள் வேண்டாம். நான் ஊதி அணைத்ததும் வேண்டாம். கீழே பெயர் போட மாட்டேன்.