என் கணவரைப் பேசச் சொல்லுங்கள்

அனுப்புநர்
பிரெசில்லா டேவிட்ராஜ்,
மாதா கோயில் மேற்குத் தெரு,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவ நலப்பணிகள்,
இராமநாதபுரம்.

பொருள்: லேசர் முறையில் தொண்டை அறுவை சிகிச்சை – நோயாளி குணமடைந்தும் பேச மறுப்பது – சிகிச்சை செய்த மருத்துவர் மாறுதலில் சென்றுவிட்டது – பேச உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் டேவிட்ராஜ் பாம்பன் கடற்கரையில் மீன் ஏலம் கூறுபவர். கத்திக் கத்தியே அவருடைய குரல்நாணில் சிறு கட்டி வந்துவிட்டது. 'இரண்டு தரம்' என்று சொல்ல வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

2. தங்கள் நிர்வாகத்துக்கு உட்பட்ட மருத்துவமனை ஒன்றில், காது மூக்கு தொண்டை மருத்துவர் அந்தக் கட்டியை வாய் வழியாகவே லேசர் ஒளியால் எடுத்தார். தையல் இல்லை, கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை. மகராசனாக இருக்கட்டும். சிகிச்சை குறித்து எனக்குப் புகார் எதுவும் கிடையாது. ஒளி உள்ளே மிச்சம் இருக்கிறதா என்று என் நாத்தனார் லூர்து மேரி ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, என் கணவரை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். அதற்கும் மருத்துவமனை பொறுப்பல்ல.

3. புகார் என்னவெனில், வீட்டுக்கு அனுப்பும்போது அந்த மருத்துவர், "நான் சொல்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றார். மறுபரிசோதனைக்கு நாங்கள் போனபோது அவர் வேறு மாவட்டத்துக்கு மாறுதலாகிப் போயிருந்தார். புதிதாக வந்திருந்த பெண் மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, புண் ஆறிவிட்டது, இன்றிலிருந்தே பேசலாம் என்று சிரித்த முகமாகச் சொன்னார். என் கணவர் முடியாது என்று தலையாட்டிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு மானமே போய்விட்டது.

4. அவருடைய நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடற்கரையில் ஏலத்தைத் தொடங்கியவரே 'மூன்று தரம்' சொல்லி முடிக்க வேண்டும். இடையில் வேறொருவர் புகுந்து முடித்தால் செல்லாது, மீன் கூடையை யாரும் தொட முடியாது. அந்தச் சட்டத்தை இவர் தம் தொண்டைக்கும் போட்டுக்கொண்டார். செல்போனில் அவர் எழுதிக் காட்டியதை அப்படியே தருகிறேன்: "அந்த டாக்டர் ஆரம்பிச்சது. அவரு வாயாலதான் முடியணும்." அந்த மருத்துவரின் எண்ணைக் கேட்டால், தனிப்பட்ட எண் தர விதியில்லை என்கிறார்கள்.

5. அன்றிலிருந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அடுப்படிக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறார். நேற்று வந்தது, 'குழம்பில் புளி தூக்கல்'. நான் ஒரு மூச்சு கத்தித் தீர்த்தேன். அவர் அமைதியாகத் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். ஐயா, பதில் சொல்லாத மனுஷனோடு எவ்வளவு நேரம்தான் சண்டை போடுவது? தொண்டை வலி இப்போது எனக்கு வந்துவிட்டது.

6. இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். வருகிற ஞாயிறு எங்கள் மகள் ஜெர்லினுக்கு நிச்சயம். பெண்ணின் தகப்பன் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் எழுந்து நின்று, வாய்விட்டுச் 'சம்மதம்' சொல்ல வேண்டும் என்பது எங்கள் குடும்ப வழக்கம். தலையாட்டினால் எடுபடாது. தகப்பனுக்கு இஷ்டமில்லையோ என்று மாப்பிள்ளை வீட்டில் இப்போதே கேட்கிறார்கள். தகப்பனுக்குப் பதிலாகத் தாய்மாமன் சொல்லட்டும் என்றார் பங்குத்தந்தை. ஜெர்லின் அழுதுவிட்டாள். "எங்க அய்யா சொல்லாம நான் இங்கனயிருந்து நகர மாட்டேன்" என்கிறாள். பிடிவாதத்தில் அப்பனுக்கு மகள் இளைத்தவள் இல்லை. நடுவில் கிடந்து அல்லாடுவது நான்தான்.

7. எனவே அந்த மருத்துவரைக் கண்டுபிடித்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் தொலைபேசியில் 'பேசலாம்' என்று ஒரு சொல் சொல்ல வைக்க வேண்டுகிறேன். அவர் கிடைக்காவிட்டால் தாங்களே சொல்லலாம். ஏலக் கமிட்டித் தலைவர் மட்டும் யார் தொடங்கிய ஏலத்தையும் முடிக்கலாம் என்று ஒரு விலக்கு உண்டு. தாங்கள் அந்த மருத்துவருக்கு மேலதிகாரி என்பதை எடுத்துச் சொன்னேன். என் கணவர் வெகுநேரம் யோசித்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எழுத்தில் உத்தரவு போட வேண்டாம் ஐயா, குரலாகவே வேண்டும். என் கணவரின் எண்ணைத் தனித்தாளில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். எதிர்முனையில் சத்தமே இல்லையென்றால் இணைப்பு போய்விட்டதென்று வைத்துவிடாதீர்கள். அவர்தான் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு பெண்பிள்ளையின் காரியம் நல்லபடியாக நடக்கத் தாங்கள் மனது வைக்க வேண்டும்.

இடம்: பாம்பன்
நாள்: 14.07.2025

இப்படிக்கு,
தங்கள் அழைப்புக்காகக் காத்திருக்கும்,
பிரெசில்லா டேவிட்ராஜ்

(கீழே வேறு கையெழுத்தில்)

அய்யா, நான் டேவிட்ராஜ். மேலே எழுதியிருப்பது அத்தனையும் உண்மை. குழம்பில் புளி தூக்கல்தான். சீக்கிரம் கூப்பிடுங்க அய்யா. எம்மகளுக்குச் சம்மதம் சொல்ல எனக்கு வாய் துடிக்குது.