கைமரம் ஏறிய சுவர்

மதினி,

மேற்கு வீட்டை இடிக்கப் போகிறார்கள். இன்று காலை அந்த வீட்டுப் பையன் சுவரைத் தட்டிப் பார்த்தபோது பழைய சுண்ணாம்பு உதிர்ந்து, மூக்கை நமைக்கும் அந்த வாடை என் அடுப்படி வரை வந்துவிட்டது. பிறகு வாசலில் வந்து நின்று, “ஆச்சி, எங்க சுவருல உங்க கைமரம் ஏதும் ஏறியிருக்கா? இடிக்கதுக்கு முந்தி ஒரு வாட்டி பாத்துச் சொல்லுங்க” என்றான். நேற்று முளைத்த பயல் இவ்வளவு பணிவாகக் கேட்கிறான். எனக்கு முகத்தை எங்கே கொண்டு வைப்பதென்று தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் பழைய வீட்டை இடித்து மச்சு கட்டக் கிளம்பிய வைகாசிதான் நினைவில் வந்தது. ஜோசியரைக் கூப்பிட்டு நாள் பார்த்தார். பூசணிக்காய் உடைத்து, மனையில் குடியிருக்கும் பூதத்திடம் உத்தரவு கேட்டார். கண்ணுக்குத் தெரியாத பூதத்திடம் கேட்டவருக்கு, ஒரே சுவருக்குக் கிழக்கே இருந்த உங்களிடம் கேட்கத் தோன்றவில்லை. நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். “நம்ம சுவரை நாம இடிக்கதுக்கு எவங்கிட்ட கேக்கணும்?” என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். சுவர் எங்களுடையதுதான். உங்கள் உள்ளறை ஓட்டைத் தாங்கும் கைமரமெல்லாம் அதன் தலையில்தான் உட்கார்ந்திருந்தது.

மேல்வரிசைக் கல்லை எடுத்ததுமே உங்கள் ஓடு சரிந்தது. தலைப்பிள்ளைப் பேற்றுக்காக வந்து அந்த அறையில் படுத்திருந்த உங்கள் மகள் செண்பகம் அப்போதுதான் கொல்லைப்பக்கம் எழுந்து போயிருந்தாள். இருந்ததே இரண்டு அறை. அதில் ஒன்று வானம் பார்த்துக் கிடந்தது. புது வீடு கட்டும்போது சுவரையும் சேர்த்து எழுப்பித் தருவதாக இவர் சொல்லிவிட்டு, சிமெண்டுக்கு அலையப் போய்விட்டார். நீங்கள் ஓலைத்தட்டி வாங்கிக் கட்டினீர்கள். ஆனியில் சாரல் மழை இறங்கியதும் அதுவும் நைந்து தொங்கியது.

நனைந்த தரையில் எப்படிப் பேறு பார்ப்பது? நிறைமாதப் பிள்ளையை வண்டியில் ஏற்றி, வடகரைக்கு மாமியார் வீட்டுக்கே அனுப்பிவைத்தீர்கள். தலைப்பேறு தாய்வீட்டில் இல்லையென்றால் ஒரு பெண் என்னென்ன கேட்க வேண்டியிருக்கும் என்று நமக்குத் தெரியாதா? “பெத்தவளுக்கு வக்கில்லை” என்று உங்கள் சம்பந்தியம்மாள் நாலுபேர் நடுவில் சொன்னது என் காதுக்கே வந்தது. பிள்ளைக்குப் பேர் வைத்த அன்றும் சொன்னாளாம்.

வண்டி புறப்பட்ட அன்று தெருவே கூடி நின்றது. ஏன் அனுப்புகிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நீங்கள் சொன்னது ஒன்றுதான்: “சாரல் முந்திட்டு. அதான்.” பக்கத்தில் நின்ற என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திட்டியிருக்கலாம் மதினி. மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கூசியிருக்காது.

பிறகு எங்கள் செலவில் சுவர் எழும்பியது. எங்கள் வீட்டுப் பால்காய்ப்புக்கும் வந்து, ஒரு வாய் பாயசம் குடித்துவிட்டுப் போனீர்கள். செண்பகத்தின் பேச்சை மட்டும் நாம் இருவருமே எடுத்ததில்லை. கேட்கவேண்டிய மன்னிப்பை நான் நாளைக்கு நாளைக்கென்று தள்ளினேன். போன தையில் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

தெருவில் நீங்கள் சொன்ன ‘சாரல் முந்திட்டு’ என்ற அந்த ஒரு சொல்லைத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறேன். அந்த வருஷம் சாரல் முந்தவே இல்லை. வடகரையிலும் அதே சாரல்தானே பெய்கிறது, மதினி? சம்பந்தியம்மாள் அதை நம்பமாட்டாள் என்று தெரிந்தும், பழி எங்கள்மேல் விழாமல் இருக்கத்தானே அப்படிச் சொன்னீர்கள்?