கக்கட பதினெட்டும் சித்தியின் இடுப்பெலும்பும்

கக்கட மாதம் 21,
குடகு

பெறாமல் பெற்ற மகள் பூவம்மாவுக்கு,

இங்கே நான் சுகம், நாய் சுகம், மிளகுக்கொடியும் சுகம். சித்தி சுகமா என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வெலிங்டன் குளிரில் நீ நலமாயிருக்க இக்குதப்பன் காக்கட்டும். இனி நான் சொல்வதை நம் குலத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று காவேரித் தாய் மேல் ஆணையிட்டுத் தொடங்குகிறேன்.

தழையில் பதினெட்டு மருந்தும் கூடும் என்று நம் ஊர் நம்புகிற பதினெட்டாம் தேதி, வழிமறித்த இரண்டு யானைகளை அதட்டி ஒதுக்கிவிட்டு, மருந்துத்தழை பறித்து வந்தேன். வேகவைத்த தண்ணீர் கரும் ஊதாவாக இறங்கியது, சித்தி அதில் அரிசி, வெல்லம், தேங்காய்ப்பால் சேர்த்துப் பாயசம் வைத்தாள். நான் பதினேழு கிண்ணம், அவள் மூன்று. "இந்த நிறத்துலதான் பதினெட்டு மருந்தும் இருக்கு, இனி என் எலும்பு இரும்பு" என்றாள். போன வருஷம் நீ எடுக்கவைத்த எலும்புப் படத்தில் அவள் இடுப்பு பொரியாய் இருந்ததும், டாக்டர் வாரம் ஒரு மாத்திரை எழுதியதும் உனக்கு நினைவிருக்கும். மறுநாள் காலை காப்பிக் களத்துப் பாசியில் வழுக்கி, அந்த இடுப்பு தரையில் இடிக்க விழுந்தாள். அவளை ஜீப்பில் கிடத்தி, சாலையில் சாய்ந்திருந்த மரத்தை ஒரு கையால் தூக்கி எறிந்து (மறு கையில் குடை) மடிக்கேரி போய்ச் சேர்ந்தேன். அங்கே ஆஸ்பத்திரி டாக்டர் வடக்கே விஜயபுரத்துப் பெண், நம் ஊருக்குப் புதுசு. சித்தியின் சிறுநீரைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "இடுப்புல அடி, இது இவ்வளவு சிவப்பு, உள்ளே எங்கேயோ கிழிஞ்சிருக்கோன்னு பயமா இருக்கு, மைசூருக்கு அனுப்பணும்" என்றாள். அந்த மழையில் மலை இறங்குவது என்றால் உனக்கே தெரியும். கழிப்பறைக்கு ஓடினேன், அங்கே பார்த்தால் எனக்கும் அதே சிவப்பு! சரி, இருவரும் சேர்ந்தே போகிறோம் என்று கண்ணை மூடிய பிறகுதான் பாயசம் நினைவு வந்தது. வருஷா வருஷம் மறுநாள் பார்க்கிற நிறம், பயத்தில் புத்தியே போய்விட்டது. "டாக்டரம்மா, எனக்கும் அதேதான், பாயசம்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். "அதை முதல்லயே சொல்றதுக்கென்ன தாத்தா?" என்று கடிந்தாலும், சோதித்துப் பார்த்து ரத்தம் இல்லை என்றாள்.

இடுப்பு தப்பியது, மணிக்கட்டில் விரிசல். டாக்டர் விசாரித்ததில் மாத்திரை நின்றுபோனதும் வெளிவந்தது. "தழை சாப்பிடுங்க, வேணாங்கலை. அதை நம்பி மாத்திரையை விடாதீங்க. அடுத்த தடவை இடுப்பு போனா எழுந்து நடப்பீங்கன்னு நான் சொல்லமாட்டேன். ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டாள். சித்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள், "மறந்துட்டேன்மா" என்றாள்.

உனக்கு எங்கள் ஆசிகள், மழையில் நனையாதே. இனி ஞாயிறுதோறும் காலையில் கூப்பிடு, மாத்திரை போட்டாளா என்று சித்தியையே கேள், என்னைக் கேட்காதே. ஏனென்றால், யானையைக் கழி, கிண்ணங்களைக் கழி, மரத்தையும் கழி, மிஞ்சுவதில் ஒரு சின்ன விஷயம் நிஜம். சித்தி எதையும் மறக்கவில்லை. "வேலியிலேயே பதினெட்டு மருந்து வளருது, இந்த வெள்ளை மாத்திரை உனக்கெதுக்குடி" என்று விளையாட்டாய்ச் சொல்லி நிறுத்தவைத்தவன் நான். நீ கேட்டபோதெல்லாம் "போடுறா, போடுறா" என்றவனும் நான்.

இப்படிக்கு,
உன் சித்தப்பன் உத்தய்யா