ஜப்பான்காரன் சுடாத கதவு

13.8.1981, ஆம்பூர்
ராணிப்பேட்டையிலிருந்து ஒரு வேன் நிறைய டீச்சர்கள், எங்கள் கலை அறக்கட்டளையின் சோல்ஜர் பங்களாவைப் பார்க்க. நானே எழுந்தருளிச் சுற்றிக் காட்டினேன். யுத்த காலத்தில் இங்கே தோல் பதனிடும் டேனரி நடத்திய பக்தவச்சலம் பெரியவர் பட்டாளத்துக்கு அனுப்பிய பூட்ஸ் தோலை விரித்தால் பாலாற்றை முழுசாக மூடிவிட்டு, மிச்சத்தில் காவேரிக்கும் ஒரு போர்வை தைக்கலாம் என்றேன். ஒருத்தி குறித்தே கொண்டாள்!

பிறகு வழக்கம்போல் பின்தாழ்வாரத்துக் கதவு. பெயிண்டுக்கு அடியில் பள்ளம் பள்ளமாகத் தெரியுமே, அதைக் காட்டி, “ஜப்பான்காரன் விமானத்திலிருந்து சுட்டது. பெரியவர் அப்போது உள்ளே மோர் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைக்கவில்லை” என்றேன். கைதட்டல். போன மாதம்வரை ஒரு விமானம்தான். இன்று மூன்றாக்கிவிட்டேன்.

20.8.1981
அக்டோபரில் அறக்கட்டளையின் வெள்ளிவிழா, மந்திரி வருகிறார். தலைவர் நந்தகோபால், பெரியவரின் பேரன், கதவு ஜன்னலையெல்லாம் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடிக்கச் சொல்லிவிட்டான்.

அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது தோல் கிடங்கு. இப்போது என் அண்ணன் மகள் பூரணி அங்கே பாட்டு வகுப்பு எடுக்கிறாள். ஐம்பத்தாறில் அங்கே நடந்த முதல் கச்சேரி இன்னும் காதில் இருக்கிறது. தம்புரா மீட்டிய வேகத்தில் சுவரிலிருந்து, தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டையின் வாசம் கிளம்பி வந்தது. பாடகர் ரெண்டு தும்மல் தும்மித்தான் கல்யாணியை ஆரம்பித்தார். இன்னா காலம் அது! சுவர் யானைக் கனம், ஜன்னலே கிடையாது. ஒரு சுரம்கூட வெளியே தப்பாது என்று எத்தனை பேரிடம் பீற்றியிருப்பேன்.

26.8.1981
பெயிண்ட் போய்விட்டது. அடியில் இருப்பது குண்டு பட்ட பள்ளமில்லை. உளியால் போட்ட துளைகள். நாலு சதுரமாக ஓரிடத்தில். மூன்று வரிசையாக, கீழே தனியாக ஒன்று, வேறோரிடத்தில். இப்படிக் கதவு முழுக்க.

தோல் தரகு செய்த கை இது, தடவியதுமே தெரிந்துவிட்டது. சுண்ணாம்புத் தொட்டிக்குள் போகிற தோலில் மையும் நிற்காது, சீட்டும் நிற்காது. அதனால் ஒவ்வொரு ஆளும் தன் தோலின் வாலோரத்தில் தனக்கென்று ஒரு துளைக்குறி போடுவான். அவனுக்குக் கையெழுத்தே அதுதான்.

தோலில் போடுவதைக் கதவில் ஏன் போட்டார்கள்?

27.8.1981
பெயிண்டர்கள் பேசியது தோல் ஆட்கள் குடியிருக்கிற கஸ்பாவரைக்கும் போயிருக்கிறது. காலையில் சவுரியம்மாள் என்று ஓர் அம்மாள் வந்தாள். அறுபதை நெருங்கிய வயது. கதவில் விரலை ஓட்டிக்கொண்டே போனாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “ஜப்பான்காரன் சுட்டதும்மா” என்று ஆரம்பித்துவிட்டேன்.

“அப்பிடியா தரகரே? கொஞ்சம் உள்ள வந்து சாத்துங்க.”

அந்தக் கதவை நான் சாத்திப் பார்த்ததே இல்லை. எந்நாளும் வெளிப்பக்கச் சுவரோடு மடங்கித் திறந்தே கிடக்கும். உள்ளே நின்று இருவருமாக இழுத்துச் சாத்தினோம். துளையெல்லாம் எங்கள் பக்கம் வந்துவிட்டது.

“இப்ப சொல்லுங்க. உள்ளாற பூந்தா சுட்டான்?”

அவள் சொன்னது இது: நாற்பத்து மூன்றில் வாந்திபேதி. ஆட்கள் ஊரை விட்டு ஓடப் பார்த்தார்கள். பட்டாளத்துக்குத் தோல் போயாக வேண்டும். வேலை முடிந்ததும் பெரியவர் எல்லாரையும் இந்தக் கிடங்கில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போடச் சொல்லிவிட்டார். நோயையும் சேர்த்துத்தான் உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

“எங்க ஊட்டுக்காரரு சின்னப்பன். தோ, மூணும் ஒண்ணும், இது அவரு. செத்தவங்கள ஆத்தங்கரையில ஒரே குழியில போட்டுச் சுண்ணாம்பு கொட்டி மூடிட்டாங்க. எது அவரு எடம்னு இன்னா கண்டேன்? கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவத்தி எடுத்துனு போவும், நான் எங்க போவேன்? இத மட்டும் அடைக்காம வுட்டா போதும்.”

அந்தக் கோடையில், காலரா என்று அப்பா என்னைக் குடியாத்தம் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நாளெல்லாம் மாம்பழம், சாயந்தரம் ஆற்று மணலில் சடுகுடு. என் ஆயுசிலேயே ஆனந்தமான கோடை. இத்தனை வருஷமும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். பொய்யும் இல்லை அது.

28.8.1981
ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. எனக்கா!

3.9.1981
கமிட்டிக் கூட்டம்.

நந்தகோபால்: “பட்டி வெச்சு அடைச்சிடலாம் மாமா. மந்திரி தாத்தா படத்த தெறக்கப் போறாரு. பக்கத்துலயே கொலகாரன்னு போர்டும் மாட்டணுமா?”

“போர்டு வேணாம்டா. ஓட்டை இருந்துட்டுப் போவட்டும்.”

“அவரப் பத்தி இவ்ளோ வருஷம் அளந்து வுட்டது யாரு? நீங்கதான?”

சரியான அடி.

பொருளாளர் இஷ்தியாக் அகமது, என் பால்ய தோஸ்த், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “எங்கப்பா டேனரியும் அந்த வருஷம் ராவும் பகலும் ஓடிச்சு நந்து. ஆளுங்கள பூட்டினாரா இல்லியான்னு நான் கேக்கவே இல்ல. இப்ப கேக்க யாரும் இல்ல. உனக்காச்சும் ஒரு கதவு இருக்குது.”

நந்தகோபால் காபியைத் தொடாமல் எழுந்து போய்விட்டான்.

11.9.1981
பூரணி சொன்னாள்: “வகுப்பு முடிஞ்சு போறப்போ பாத்தேன் சித்தப்பா. நம்ம தலைவரு உள்ள போயிக் கதவ சாத்திக்கினாரு. ரொம்ப நேரம் வரவே இல்ல.”

12.9.1981
பெயிண்டரிடம் நந்தகோபால் அந்தக் கதவுக்கு எண்ணெய் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டானாம்.

18.10.1981
விழா. படத்தையும் திறந்தார்கள். பின்தாழ்வாரத்தில் மந்திரி நின்று, “இது என்ன ஓட்டை?” என்றார். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. மூன்று விமானமும் நாக்கு நுனியில் வந்து இறங்கின.

“உள்ளே பூட்டி வைத்த ஆட்கள் போட்ட குறி” என்றேன்.

என் வாழ்நாளிலேயே சின்னப் பேச்சு. நந்தகோபால் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

2.11.1981
கல்லறைத் திருநாள். சாயந்தரம் சவுரியம்மாள் வந்தாள். அந்த மூன்றுக்கும் ஒன்றுக்கும் நேர் கீழே சாமந்தியைப் பரப்பி மெழுகுவத்தி ஏற்றினாள். மழைக்காற்று. கதவு சுவரை விட்டு ஆடி, சாத்திக்கொள்ளப் பார்த்தது. முட்டுக் கொடுக்கச் செங்கல் தேடிப் போனேன்.

திரும்பி வந்தால், எப்போது வந்தானோ, நந்தகோபால் கதவின் விளிம்பைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். செங்கல்லை நீட்டினேன்.

“வேணாம் மாமா.”

மெழுகு உருகித் தீரும்வரை நின்றான். சவுரியம்மாள் ஒருதரம்கூட அவனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. திரி கருகியதும் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

“கை வலிக்கப் போவுது” என்றாள். “வுடு.”